ஒரே மலை, ஒரே கண்மாய்: வீட்டுப் பக்கத்திலேயே நிலக்காட்சிப் படம்

கேள்வி: மதுரை ஒத்தக்கடைப் பக்கம் குடியிருக்கிறோம். ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். பகல் முழுக்கக் கணினி. ராத்திரி படுத்தாலும் மண்டைக்குள் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று, தம்பி வைத்திருந்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவையும் 18–55 லென்ஸையும் எடுத்துக்கொண்டு சாயங்காலங்களில் கண்மாய்க் கரைக்குப் போகிறேன். எதிரே யானைமலை. ஆனால் படத்தில் வானம் வெளுத்துப்போகிறது, மலை கறுப்பாய், குட்டியாய் விழுகிறது. இருநூறு படம் எடுத்தும் ஒன்றும் தேறாமல், போனபோது இருந்ததைவிட எரிச்சலோடு திரும்புகிறேன். மூணாறு, லடாக் என்று போனால்தான் நல்ல படம் வருமா? அகலக் கோண லென்ஸும் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டரும் வாங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் இடத்திலும் குறையில்லை, கேமராவிலும் குறையில்லை. போகிற நேரம்தான் தப்பு. அதை மாற்றினால் பாதிச் சிக்கல் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

மேலூர் சாலைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் யானைமலையின் நீண்ட முகம் ஏறத்தாழத் தென்கிழக்கு பார்த்தது. போனில் இருக்கும் திசைகாட்டியை வைத்து நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்பக்கம் போய்விடுகிறது. நீங்கள் எடுப்பது மலையின் நிழல் பக்கத்தை, அதுவும் வெளிச்சமான வானத்துக்கு எதிரே. அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை ஒரே படத்தில் அடக்க எந்தக் கேமராவும் திணறும். கேமரா நிலத்துக்கு அளவெடுத்தால் வானம் வெளுக்கும், வானத்துக்கு அளவெடுத்தால் மலை கறுக்கும். அதே இடத்தில் விடியற்காலையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும். மலையும் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். பில்டர் எதுவும் தேவைப்படாது.

சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியுமானால் அது போதும். மதுரையில் சூரிய உதயம் மே கடைசியில் 6 மணிக்குச் சற்று முன்பும், ஜனவரி கடைசியில் 6:40 வாக்கிலும் இருக்கும். அதற்கு அரை மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். புகைப்படக் காணொளிகளில் ‘கோல்டன் ஹவர்’ என்று ஒரு மணி நேரக் கணக்குச் சொல்வார்கள். அது ஐரோப்பா போன்ற வட நாடுகளுக்குச் சரி. அங்கே சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறும். நம் ஊரில் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுகிறது. 25 நிமிடத்தில் 6 டிகிரி உயரம் போய்விடும். ஆகவே நமக்குக் கிடைக்கும் மஞ்சள் வெளிச்சம் சுமார் அரை மணி நேரம்தான். உதித்து 45 நிமிடம் ஆனால் வெளிச்சம் வெள்ளையாகிவிடும். ஆறரைக்கு எழுந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் ஏழேகாலுக்குப் போய்ச் சேர்வீர்கள். அதற்குள் அன்றைய சிறந்த வெளிச்சம் முடிந்திருக்கும்.

அந்த அரை மணி நேரத்தைவிட அழகானது அதற்கு முந்தைய கால் மணி நேரம். வானம் தெளிவாக இருக்கிற நாளில், உதயத்துக்குச் சுமார் 15 நிமிடம் முன்பு எல்லாரும் கிழக்கே பார்ப்பார்கள். நீங்கள் மேற்கே, மலையின் பின்னணியைப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை நிற்கும். அதற்கு மேலே வெளிர் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. கீழே இருக்கும் நீலப் பட்டை பூமியின் நிழல். காற்று மண்டலத்தின் மேல் பூமியே விழுத்தும் நிழல் அது. சூரியன் மேலே வர வர அந்த நிழல் இறங்கி மலைக்குப் பின்னால் மறையும். ரோஜாப் பட்டையும் கூடவே இறங்கி வந்து, மலை முகட்டைத் தொடும் நேரம் ஓரிரு நிமிடங்கள்தான். அடுத்துச் சூரியன் எழுந்ததும் முகட்டில் முதல் வெயில் விழுந்து கீழே வழிந்து இறங்கும். இத்தனையும் உங்கள் வீட்டுப் பக்கத்தில், மேகமில்லாத காலைகளில் எல்லாம் நடக்கிறது. இதற்காக லடாக் போக வேண்டியதில்லை.

அந்த நேரத்துக்கான கேமரா அமைப்பைச் சொல்கிறேன். டயலை ஏ அல்லது ஏவி என்ற இடத்தில் வையுங்கள். அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. உதயத்துக்கு முன் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் சில வினாடிகளில் தொடங்கி அரை வினாடி வரைக்கும் போகும். கையில் பிடித்தால் நிச்சயம் ஆடும், டிரைபாட் கட்டாயம். உதித்துப் பத்து நிமிடம் ஆனதும் 1/15, 1/60 என்று வேகம் கூடும். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பு) ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். காலையின் மஞ்சளையும் ரோஜாவையும் ஏதோ பிழை என்று நினைத்துக் கேமரா அழித்துவிடும். ‘டே லைட்’டில் வையுங்கள், வெயில் படம் போட்டிருக்கும். கோப்பு வகையை ராவில் (RAW, சென்சார் பதிந்த மூலத் தகவலோடு உள்ள கோப்பு) வைத்தால் நிழல் பகுதியைப் பிறகு மீட்க இடமிருக்கும். எடுத்ததும் ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே குவியல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் வானத்தின் விவரம் போயிற்று என்று பொருள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிடும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒன்றோ முக்காலோ குறைத்து மறுபடி எடுங்கள். இருட்டாகிப்போன நிழலை ஓரளவு மீட்கலாம், முழுக்க வெளுத்த வானத்தை மீட்கவே முடியாது.

இருட்டில் ஆட்டோபோகஸ் முன்னும் பின்னும் அலையும். லைவ் வியூவைப் போட்டு (காட்சி பின்திரையில் தெரியும்), மலை விளிம்பைத் திரையில் பெரிதாக்கி, போகஸ் சரியானதும் லென்ஸில் உள்ள பொத்தானை எம் அல்லது எம்எஃப் (மேனுவல் போகஸ்) என்ற இடத்துக்குத் தள்ளிவிடுங்கள். கரையிலுள்ள புல்லும் தூரத்து மலையும் இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் 18 மில்லிமீட்டர், எஃப் 8 என்று வைத்து, 2 மீட்டர் தள்ளியிருக்கும் பொருளில் போகஸ் செய்யுங்கள். 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை எல்லாமே தெளிவாக வரும். எஃப் 22 வைத்தால் இன்னும் தெளிவு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்கு எஃப் 11-ஐத் தாண்டினால் சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுதுமே கொஞ்சம் மழுங்கும்.

இனி, மலை ஏன் குட்டியாக விழுகிறது? நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாமே 18 மில்லிமீட்டரில் எடுத்தவை. 18-இல் உங்கள் கேமரா கிடைமட்டமாக 66 டிகிரியைப் பிடிக்கிறது. 55-இல் 24 டிகிரி. நம் மனம் மலையை மட்டும் தனியாகப் பெரிதாக்கிப் பார்க்கிறது, லென்ஸ் கரை, வானம், கம்பி, கம்பம் எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு பதிவு செய்கிறது. நிலக்காட்சி என்றாலே அகலக் கோணம் என்ற எண்ணத்தை விடுங்கள். 55-க்குப் போங்கள். மலை முழுதும் அடங்கவில்லையா? கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, இடமிருந்து வலமாக ஐந்தாறு படம் எடுத்து இணைக்கலாம். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வர வேண்டும். எக்ஸ்போஷர் மேனுவலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும் இடத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். மலை முழுதும் வரத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். மொட்டைப் பாறையில் மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்கள் மட்டுமே ஒரு முழுப் படம்.

கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் மலையின் பிரதிபலிப்பைப் பிடிக்க ஆசை வரும். காற்று எழும்புவதற்குள், அதாவது ஏழரை மணிக்குள் அதை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறி நிலம் சூடானதும் அலை தட்டும். இன்னொன்று, எந்த உயரத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பது. அடிவானத்துக்கு மேலே 5 டிகிரி உயரத்தில் மலை முகடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரக் கரையில் கேமரா இருந்தால், முகட்டின் பிம்பம் உங்களிடமிருந்து 45 மீட்டர் தள்ளி விழும். அந்த இடத்தில் ஆகாயத்தாமரையோ கோரையோ அடைத்திருந்தால் பிம்பமே இருக்காது. மடைப் படிக்கட்டில் இறங்கி உட்கார்ந்து கேமராவை 1 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தால் பிம்பம் 11 மீட்டரிலேயே விழும். அங்கே தெளிந்த நீர் ஒரு துண்டு இருந்தால் போதும். ‘இந்தக் கண்மாயில் பிம்பம் விழாது’ என்று பலர் கைவிடும் இடங்களில் பாதி, உட்கார்ந்தால் விழும் இடங்கள். படத்தைச் சரிசெய்யும்போது பிம்பத்தை மலையைவிட வெளிச்சமாக்கிவிடாதீர்கள். இயற்கையில் பிம்பம் எப்போதும் ஒரு படி மங்கல். அது மாறினால், காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்குப் படம் பொய்யாகத் தோன்றும்.

கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களை முன்னால் வைத்தால் படத்துக்கு ஆழம் கிடைக்கும். மரத்தின் உச்சி மலையின் விளிம்புக்கோட்டை முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் மரமும் மலையும் ஒட்டி ஒரே கறுப்பாகிவிடும். ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்தாலோ ஒரு முழம் கீழே இறங்கினாலோ நடுவில் வானம் ஒரு கீற்று தெரியும். அவ்வளவுதான் வேண்டும்.

எரிச்சலோடு திரும்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இருநூறு படம் எடுத்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஒவ்வொரு படத்தையும் எடுத்த கையோடு திரையில் பார்த்து ‘சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். பகலெல்லாம் கணக்கில் பிழை தேடுகிற அதே வேலை கரையிலும் தொடர்கிறது. இதை மாற்ற ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைக்கு 12 படம், அதற்கு மேல் இல்லை. போனவுடன் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். முதல் பத்து நிமிடம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, நீரில் எங்கே அசைவு இருக்கிறது, முக்குளிப்பான் மூழ்கிய இடத்துக்கும் எழும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு டிரைபாடை வைத்து, வெளிச்சம் வரும்வரை காத்திருந்து எடுங்கள். ஹிஸ்டோகிராமைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள், படம் நன்றாக இருக்கிறதா என்ற விசாரணை அங்கே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கணினியில் ஏற்றி வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமைதான் திறந்து பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது எதிர்பார்த்த படத்தோடு ஒப்பிடாமல், கிடைத்த படத்தைப் பார்ப்பீர்கள்.

அடுத்தது, மாறாமல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. நம் திணை மரபில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்தது. நீங்கள் நிலத்தைத் தேர்ந்துவிட்டீர்கள், இனி பொழுதைப் படியுங்கள். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, மாதம் ஒருமுறையாவது அதே கல்லருகே, அதே 35 மில்லிமீட்டரில் ஒரு படம் எடுங்கள். மற்றவை உங்கள் விருப்பம். உதயத் திசை ஆண்டில் 47 டிகிரி நகர்கிறது. மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்குப் பக்கமாக எழுவதால் வெயில் மலை முகத்தில் நேராக விழும். பாறை முழுதும் செம்பு நிறத்தில் ஒளிரும், ஆனால் மேடுபள்ளம் தெரியாது. வைகாசி, ஆனியில் சூரியன் வடகிழக்கே நகர்ந்திருக்கும். அப்போது வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போகும், ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். ஒரே மலை இரண்டு மலையாகத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அடுத்த நாள் காலை காற்றில் தூசி கழுவப்பட்டிருக்கும். தூரத்துப் பனைகளின் ஓலைகூடத் தனித்தனியாகத் தெரியும், அந்த நாளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். மார்கழி, தையில் வயல் மேல் பனி படுத்திருக்கும். கேமரா அந்த வெண்மையைக் கண்டு ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும், எனவே காம்பன்சேஷனை அரையோ ஒன்றோ கூட்டுங்கள். பங்குனி, சித்திரையில் புழுக்கமும் தூசியும் சேர்ந்து மலையை மறைக்கும். அப்போது கண்ணைக் கீழே இறக்கி, காய்ந்த கண்மாயின் வெடிப்புகளை எடுங்கள். ஆடியில் காற்று. டிரைபாடில் வைத்து அரை வினாடி திறந்தால் பனையோலை அசைவு கோடுகளாகப் பதியும். பிரான்சில் ஓவியர் செசான் தம் சொந்த ஊரான எக்ஸ் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த சேன்த் விக்துவார் மலையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். அலுக்கவில்லை என்பது அந்த ஓவியங்களைப் பார்த்தாலே தெரியும்.

கரைக்குப் போக முடியாத நாட்களில் மாடியிலிருந்து போனிலேயே எடுக்கலாம். லென்ஸை முந்தானையாலோ கைக்குட்டையாலோ துடையுங்கள். போன் படங்கள் மங்கலாவதற்கு விரல் எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். திரையில் மலை தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்கி எடுங்கள். விரல்களால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. முதல் சில வாரங்களாவது தம்பியையோ வீட்டில் யாரையோ கூட்டிக்கொண்டு போங்கள். கிளம்பும்போது எந்தக் கரை என்று சொல்லிவிட்டுப் போங்கள். டார்ச்சும் கணுக்காலை மூடும் செருப்போ பூட்ஸோ வேண்டும், மழைக்காலத்தில் கரைப் புல்லில் பாம்பு கிடக்கும். கலுங்கின் (உபரி நீர் வழியும் அமைப்பு) மேல் தண்ணீர் ஓடும்போது பாசி வழுக்கும், அங்கே டிரைபாடோடு ஏறவே கூடாது. வற்றும் கண்மாயில் மேலே காய்ந்திருக்கும், உள்ளே சேறு இருக்கும். குச்சியால் குத்திப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். ஆடு மேய்ப்பவரைப் படத்தில் சேர்க்க ஆசையென்றால் முதலில் “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கிடவா?” என்று கேளுங்கள். அடுத்த முறை ஒரு பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். முந்தைய இரவே பையோடு ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும், நிறம் மாறியதும் அதை மாற்ற வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலை வெளிச்சமும் நடையும் காத்திருப்பும் உங்களுக்கு நல்லது செய்யும் என்று நம்புகிறேன். ஆனால் தூக்கமின்மை வாரக்கணக்கில் தொடர்ந்தால் கேமரா அதற்கு மருந்தாகாது, மருத்துவரைப் பாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

கடைசியாக, வாங்குவதைப் பற்றி. அகலக் கோண லென்ஸ் வேண்டாம், அது மலையை இன்னும் சிறிதாக்கும். போலரைசரும் வேண்டாம். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் அதன் வேலை பலமாகத் தெரியும். சூரியனை முதுகில் வைத்து நிற்கும் உங்களுக்கு வானத்தில் பலன் ஏறக்குறைய பூஜ்யம், நீரிலோ நீங்கள் தேடிப்போன பிம்பத்தையே அது குறைத்துவிடும். பணத்தை ஒரு கனமான டிரைபாடில் போடுங்கள். புதிதாக வேண்டாம், பழையதே போதும். வாங்கும்முன் கால்களை முழுதும் விரித்து, மேல் தட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள். நெளிந்தால் விட்டுவிடுங்கள். கரையில் வைக்கும்போது நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், ஒல்லியான கடைசிக் கால் பகுதியை இழுக்காதீர்கள், பையை நடுவில் தொங்கவிடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தும் ஆட்டம் படத்தில் தெரியாமலிருக்க 2 வினாடி டைமர். லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் பொத்தான் இருந்தால் டிரைபாடில் இருக்கும்வரை அதை அணைத்து வையுங்கள். ஓராண்டு கழிந்தும் 55 போதவில்லை, முகட்டின் ஒரு மூலையை மட்டும் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் 55–250 போன்ற ஒரு லென்ஸைப் பழைய விலையில் பாருங்கள். அதற்குள் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு படம் சேர்ந்திருக்கும். அவற்றை 8×12 அங்குலத்தில், மேட் தாளில் பிரிண்ட் போட்டு, நீங்கள் வேலை செய்யும் மேசைக்கு எதிர்ச் சுவரில் மாத வரிசையில் மாட்டுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவாக இருந்தால் அந்த அளவுக்குத் தாராளமாகப் போதும்.